அன்னக்கிளி வந்த வருஷம்

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு பொழுதுபோக்கு. பிறந்த தேதியைச் செல்போனில் அடித்தால் போதும், அந்த வாரம் அமெரிக்காவில் முதல் இடத்தில் இருந்த பாட்டு எது என்று வந்து விழும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குத் தேதி சொல்லிச் சிரித்துக் கொண்டிருப்போம். நான் பிறந்தது 2007 பொங்கல் வாரம். எனக்கு வந்தது பியான்சே பாடிய பாட்டு. வீட்டில் சொன்னால் அம்மா, "அது யாருடா? நீ பொறந்தப்போ சேலையூர் பக்கம் எந்த ஆட்டோ போனாலும் போக்கிரி பாட்டுதான்" என்றார். அம்மா சொன்னதுதான் சரி. மணிசர்மா இசையில் 'போக்கிரி' வந்தது 2007 ஜனவரி 12.

இந்தப் பட்டியல் பழக்கம் எப்படி வந்தது தெரியுமா நண்பர்களே? 1952 நவம்பர் 14-இல் இங்கிலாந்தில் ஓர் இசைப் பத்திரிகை, இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது அதிகம் விற்றது என்று கேட்டு வரிசைப்படுத்தி வெளியிட்டது. அமெரிக்காவின் 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்டில் ஆரம்பித்தது. நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வில், இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லும் வழக்கம் வந்தது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் கடிதங்களையும் வைத்து அந்த வரிசையைப் போட்டார்கள்.

சரி, தமிழ்ப் பாட்டுக்கு? எங்க அப்பா காலத்தில் நம்ம கிராமங்களில் பட்டியல் போட்டவர் மைக்செட்காரர்தான்! கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். ஜனங்கள் "இன்னொரு தபா போடுய்யா" என்று எந்தத் தட்டைக் கேட்கிறார்களோ அதுதான் நம்பர் ஒன். எழுதி வைக்க ஆள் கிடையாது. கேட்டவர்கள் மனசில்தான் பதிவு.

அந்தப் பதிவுக்கு என்ன மதிப்பு என்பது எங்க அப்பா விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1.6.1975. எங்க ஆயா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "முடிச்சூர்ல அம்மனுக்குக் கூழ் ஊத்துனாங்க. மைக்செட்டுல ராத்திரி பூரா அன்னக்கிளி பாட்டு. அன்னிக்குத்தான் உங்கப்பன் பொறந்தான். எனக்குத் தெரியாதா?" என்பார். வீட்டிலேயே நடந்த பிரசவம். மருத்துவச்சி வந்து பார்த்தாராம். எந்த ஆபீஸிலும் பதியவில்லை.

ரொம்ப நாள் இதை ஆயாவின் பேச்சு என்றே எல்லோரும் விட்டிருந்தோம். தேதி விளையாட்டு வந்த பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இளையராஜா இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி'. வெளியானது 1976 மே 14. கூழ் ஊற்றுவது ஆடி மாசம். ஆக, 1975 ஜூனில் அந்தப் பாட்டு எந்த மைக்செட்டிலும் ஓடியிருக்க முடியாது. ஆயா சொல்வது உண்மையென்றால், சான்றிதழில் இருப்பது உண்மையாக இருக்க வழியே இல்லை!

ஆனால் நம்ம டிப்ளமோ மூளை சும்மா இருக்குமா? ஹிட்டான பாட்டு ஒரு வருஷத்தோடு நின்றுவிடாதே, 1977 ஆடியிலும் 1978 ஆடியிலும் கூடத்தானே போட்டிருப்பார்கள் என்று ஆயாவைக் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது: "பதினாறு வயதினிலே பாட்டு வந்தப்போ அவன் சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நடந்துட்டான்." அந்தப் படம் வந்தது 1977 செப்டம்பர் 15. அப்படியானால் பிறந்தது 1976 ஆடிதான். 'அதற்கு முன்னால் இல்லை' என்று ஒரு பாட்டு சொல்லுது, 'அதற்குப் பின்னால் இல்லை' என்று இன்னொரு பாட்டு சொல்லுது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு அளவுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை பார்க்கிறோமே, அதே மாதிரி.

சரி, 1975 எப்படி வந்தது? அதையும் ஆயாவே சொன்னார். கூலி வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டால் மதியம் ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும். 1980 ஜூனில் கொண்டுபோய் விட்டார்கள். வயசு நாலு கூட முடியவில்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க்காதைத் தொடச் சொன்னால், அப்பாவுக்குக் கை எட்டவில்லை. ஆயா அழுததைப் பார்த்து வாத்தியார் இரக்கப்பட்டு, அஞ்சு வயசு முடிந்த மாதிரி ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த வாத்தியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா அன்று சாப்பிட்டார். அஞ்சாவது வரைக்கும் படித்தார்.

இப்போது அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கே 58 வயசில் ஓய்வு. ஆயா கணக்குப்படி 2034 ஆகஸ்டில் அப்பாவுக்கு 58. சான்றிதழ்படி 2033 ஜூனிலேயே வெளியே வர வேண்டும். நடுவில் பதினாலு மாசச் சம்பளம்! தங்கச்சி இப்போது ஏழாவது படிக்கிறாள். 2033-இல் அவள் காலேஜில் இருப்பாள். சோற்றுக்காக அன்று கூட்டி எழுதிய பதினாலு மாசத்தை இப்போது சம்பளமாகத் திருப்பிக் கட்டப் போகிறோம்.

அப்பா ஒரு தடவை ஆபீஸில் கேட்டுப் பார்த்தார். "டி.சி.யில் என்ன இருக்கோ அதுதான். பாட்டெல்லாம் சாட்சி ஆகாதுப்பா" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தால் கம்பெனி என்ன செய்யும்?

இத்தனைக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணமே இல்லாமல் பதிவார்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அப்பா பிறந்தபோது சட்டத்துக்கு ஏழு வயசு. ஆனால் சட்டம் இருப்பதை ஆயாவுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. அன்னக்கிளி பாட்டு ரெண்டே மாசத்தில் முடிச்சூருக்கு வந்து சேர்ந்தது. சட்டம் ஏழு வருஷமாகியும் வந்து சேரவில்லை!

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். ஃபாரம் நிரப்புவதும் நம்ம வேலைதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். தெருவில் குழந்தை பிறந்தால் பதிவாகிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பெயர், தேதி, அப்பா அம்மா பெயரின் எழுத்து சரியா என்றும் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

இந்த லீவில் இன்னொன்றும் செய்யுங்கள். அப்பா, அம்மா பிறந்தபோது ஊரில் என்ன பாட்டு ஓடியது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆபீஸில் செல்லாமல் போகலாம். நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

அப்பாவின் வாரத்தையும் செல்போனில் போட்டுப் பார்த்தேன். 1976 ஆகஸ்ட் முதல் வாரம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எல்டன் ஜானும் கிகி டீயும் சேர்ந்து பாடிய ஒரே பாட்டுதான் முதல் இடம். போட்டுக் காட்டினேன். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ஆயா முன்னாடி போடாத" என்றார்.