ஐந்து டம்ளர் கணக்கு

தொண்டாமுத்தூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே 2 கிலோமீட்டர் நடந்தால் அந்தக் காளான் பண்ணை வருகிறது. அரை ஏக்கர்கூட இருக்காது. மூன்று கீற்றுக் கொட்டகைகள், ஒரு வைக்கோல் போர், ஆவி பறக்கும் ஒரு டிரம். பண்ணைக்கார அக்காவோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மூவரும் மாற்றுத்திறனாளிகள்.

காலை எட்டரைக்கு நான் போனபோது டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்த வைக்கோலை முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். அடுப்பைக் கவனிக்கும் தம்பிக்குக் காது கேட்காது. நேரம் முடிந்ததும் தூணில் சிவப்பு பல்பு எரிந்தது, அடுப்பை அணைத்தார். "முன்னாடி அலாரம் வெச்சிருந்தோமுங்க. மோட்டார் சத்தத்துல அது எனக்கே கேக்காது. பல்பு எங்க ரெண்டு பேருக்குமே தெரியுது" என்றார் அக்கா.

வெந்த வைக்கோலைச் சாக்கின் மேல் பரப்பி ஆறவிடுகிறார்கள். சிப்பிக்காளானின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. ஈரம் கூடினால் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் வித்து பரவாது. இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அந்தப் பதத்தைச் சொல்பவர் பார்வையற்ற அண்ணன் ஒருவர். ஐந்தாறு இடங்களில் கையை விட்டுப் பிழிந்து பார்த்தார். "ஓரம் ஆயிருச்சு. நடுவுல இன்னும் பத்து நிமிசம் போகட்டும்." அக்கா மறுபேச்சில்லாமல் நடுவைக் கிளறிவிட்டார்.

பை நிரப்பும் கொட்டகையில் அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர். எண்ணிக்கை அவருக்கு நிற்காது. "வித்தைப் பரவலாத் தூவு, வைக்கோலை நல்லா அமுக்கு" என்றுதான் அக்கா ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் மாதம் பல பைகள் கெட்டுப்போயின. "பரவலான்னா எவ்வளவு? நல்லான்னா எவ்வளவு? நானே ஒருநாள் சொன்ன மாதிரி மறுநாள் சொல்லல. தப்பு அந்தப் புள்ள மேல இல்லீங்க."

இப்போது பைக்கு ஒரு தட்டு. தட்டில் ஐந்து சின்ன டம்ளர்களில் வித்து. ஒரு கூடை வைக்கோலைப் போட்டு அமுக்கியதும் ஒரு டம்ளர் வித்து. தட்டு காலியானால் பையைக் கட்டிவிடலாம், எண்ணவே வேண்டாம். கட்டிய பை வித்து பரவும் அறைக்குப் போய், 15 முதல் 20 நாளில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறது.

ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதைப் படித்தபோது பெரிய செலவு பிடிக்கும் காரியம் என்று நினைத்திருந்தேன். இங்கே அது ஒரு பல்பாகவும் ஐந்து டம்ளராகவும் இருக்கிறது.

கூலி, சுற்றியுள்ள தோட்டங்களில் கொடுக்கும் அதே நாள் கூலி. அவரவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. அந்தப் பெண் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, தன் பெயர் அச்சான இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பரிதாபப்பட்டு வேலை கொடுப்பதாகச் சொல்லிக் கூலியைக் குறைப்பவர்கள் அந்த விரலைப் பார்க்க வேண்டும்.

காளானைப் பாக்கெட் போடும் இடத்தில், உயரம் குறைத்த மேசை ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. அடியில் சக்கர நாற்காலி நுழைய இடம் விட்டிருக்கிறது. வாசலிலிருந்து அதுவரை சிமெண்ட் பாதை. "பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒண்ணு வேலைக்கு வரேன்னுச்சு. அதுக்காகப் போட்டது. பஸ்ஸுல மூணு படி ஏறணுமேங்க, அதுதான் வர முடியல."

வேலிக்குள் செய்ய வேண்டியதை அக்கா செய்துவிட்டார். பாக்கி வெளியே இருக்கிறது. திரும்பி நடந்து வந்து நின்றேன். பஸ் வந்தது. எத்தனையோ வருடமாக ஏறி இறங்கும் படிகளை அன்றுதான் எண்ணினேன். மூன்று.