உருவற்ற சரக்கு, உயர்ந்த விலை!

தங்கத்தை எடை போட்டு விற்பது உலக வழக்கம். தம் மலத்தை எடை போட்டுத் தங்கத்தின் விலை கூறினார் ஒருவர்! இத்தாலியக் கலைஞர் பியரோ மன்சோனி அவர். 1961 மே திங்களில், 90 சிறு தகர டப்பாக்களை மூடி, 'கலைஞனின் மலம், நிகர எடை 30 கிராம்' என்று சீட்டு ஒட்டி, எண்ணிட்டு ஒப்பமும் இட்டார்.

கல்லூரி நாட்களில் இதனைப் படித்து நாம் முகம் சுளித்தோம். ஆயினும் சிந்தனை நம்மை விடவில்லை. முந்திய ஆண்டே அவர் தம் மூச்சைப் பலூனில் ஊதிப் பலகையில் பொருத்தி, கலை என்றார். காற்று போயிற்று, சுருங்கிய ரப்பர்த் தோலை இலண்டன் டேட் காட்சிக்கூடம் இன்றும் காக்கிறது! மன்சோனியின் மூச்சும் 1963-இல், 29-ஆம் வயதில் நின்றது. டப்பாவின் விலையோ ஏறிற்று. 2016-இல் மிலான் ஏலத்தில் ஒன்றின் விலை 2,75,000 யூரோ! சந்தையை எள்ளி நகையாடினார்; அந்த நகைப்பையே சரக்காக்கிக்கொண்டது சந்தை.

2021-இல் சால்வத்தோரே கராவ் எனும் இத்தாலியர், கண்ணுக்குப் புலப்படாத சிற்பமொன்றை 15,000 யூரோவுக்கு விற்றார். வாங்கியவர் கைக்கு வந்தது ஒரு சான்றிதழ்!

வகுப்பில் இதனைக் கூறினோம். "ஐயா, அவர் கொடுத்த பணமாவது கண்ணுக்குத் தெரிந்ததா?" என்றான் ஒரு மாணவன். கூரிய கேள்வி! மன்சோனி டப்பாவை மூடிய நாளில் டாலருக்குப் பின்னே தங்கம் நின்றது. அவுன்சு 35 டாலர். 1971 ஆகஸ்டு 15-இல் அதிபர் நிக்சன் அந்தக் கட்டை அவிழ்த்தார். இன்று பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஓர் எண். கலையும் உருவிழந்தது, பணமும் உருவிழந்தது. இரண்டையும் தாங்குவது நம்பிக்கை.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. பணத்தை நீட்டினால் எவருக்கும் அரிசி கிடைக்கும்; சட்டம் அதற்குக் காவல். சான்றிதழுக்கோ, நாளை வேறொரு செல்வர் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பே காவல்!

2024 நவம்பரில், மற்றோர் இத்தாலியரான மௌரீசியோ கத்தேலானின் படைப்பு, சுவரில் நாடாவால் ஒட்டிய வாழைப்பழம், நியூயார்க்கில் 62 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டலாம், விற்றது சான்றிதழே. அந்தப் பழத்தை 35 சென்ட்டுக்கு விற்றவர், நடைபாதைக் கடையில் கூலிக்கு நின்ற முதியவர். ஏல விலை கேட்டு அவர் கண்ணீர் விட்டார்.

கலையில் உரு மறையலாம், அது குற்றமன்று. உழைப்பவர் மறைதல் ஆகாது. ஆகவே, இளைஞர்களே, விலை கூறப்படும் இடமெல்லாம் கேளுங்கள்: நம்பச் சொல்பவர் யார்? ஆதாயம் யாருக்கு? கணக்கில் வராமற் போனவர் யார்?