வாடகை லென்ஸும் கிப்பர் குளிரும்

பிப்ரவரி 11

விடிந்து பார்த்தால் வாசலில் முழங்காலளவு பனி. கீழே காசா டவுனுக்கு இறங்கும் சாலை அடைபட்டுவிட்டது. கிப்பர் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பனி விழுந்ததற்காக இங்கே யாரும் பதறுவதில்லை. நான்தான் பதறுகிறேன். 23ஆம் தேதி முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். பனிச்சிறுத்தைக்காக எடுத்து வந்த 600 எம்எம் லென்ஸ் வேறு வாடகை, நாள் கணக்கு.

பிப்ரவரி 12

மின்சாரம் இல்லை.

பிப்ரவரி 14

சாயங்காலம் முகட்டிலிருந்து திரும்பி, கேமராவும் லென்ஸுமாக அடுப்பறைக்குள் நுழையப்போனேன். வழிகாட்டி வாசலிலேயே மறித்தார். "உள்ளே வேண்டாம் பாய் சாப், படிக்கட்டிலேயே இருக்கட்டும்."

வெளியே மைனஸ் இருபது. பொருளோ பல லட்சம், அதுவும் அடுத்தவருடையது. கேமராக் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கிறது. சத்தமாகவே சொன்னேன். அவர் அசையவில்லை. குளிரிலேயே கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாதாம். குளிருக்கும் சூட்டுக்குமாக அலையவிட்டால்தான் கெடுமாம்.

உள்ளே புகாரி அடுப்பு எரிகிறது, அதன்மேல் கெட்டில் கொதிக்கிறது, ஏழெட்டுப் பேர் மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரமெல்லாம் சில்லிட்ட கண்ணாடியில்தான் போய்ப் படியும். மறுபடி வெளியே எடுத்தால் படிந்தது உறையும். மே மாதத்தில் ஏசி காரைவிட்டு மண்டப வாசலில் இறங்கியதும் லென்ஸ் மூடிக்கொள்வது கல்யாணப் படக்காரன் எவனுக்கும் தெரியும். அங்கே சற்று நேரத்தில் தெளிந்துவிடும். இங்கே ஈரம் உள்ளே இறங்கினால் எப்போது தெளியும்?

கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, மற்றதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து, படிக்கட்டில் வைத்தேன். ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். நாய்தான் கூட இருந்தது.

பிப்ரவரி 15

கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. வழிகாட்டி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18

முழுச் சார்ஜில் போன பேட்டரி அரை மணி நேரத்தில் சிவப்பு காட்டி அணைந்தது. தீர்ந்துபோகவில்லை, குளிரில் உள்ளே நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடுகிறது. பனியனுக்குள் வைத்துச் சூடேற்றியதும் பாதிக்கு மேல் திரும்ப வந்தது. ஆனால் ஜில்லென்றிருக்கும்போதே சார்ஜரில் மாட்டக்கூடாது, செல் நிரந்தரமாகப் பழுதாகும். சோலார் பலகைக்கு வெயில் வரும்வரை அவற்றை எங்கே வைத்துக் காப்பது?

வீட்டுப் பாட்டி என் கையிலிருந்து இரண்டை வாங்கி, இடுப்பில் சுற்றியிருந்த கம்பளிக் கச்சைக்குள் சாவிக்கொத்தோடு செருகிக்கொண்டார். அப்படியே மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். பொழுதுசாய ஞாபகமாக எடுத்துக் கொடுத்தார், வெதுவெதுப்பாக. ஏதோ சொல்லிச் சிரித்தார். பேரன் அதை எனக்கு இந்தியில் சொல்ல மறுத்துவிட்டான்.

பிப்ரவரி 19

மூச்சுப் பட்டு வியூஃபைண்டர் உறைந்தது. 1910இல் ஸ்காட் குழுவோடு அண்டார்டிகா கிளம்பிய ஹெர்பர்ட் பான்டிங்குக்கு, கேமராவின் உலோகத்தில் நாக்கு நுனி ஒட்டித் தோலே உரிந்ததாம். வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

பிப்ரவரி 23

சிச்சம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பாறையில் பனிச்சிறுத்தை! சாம்பல் பாறையில் சாம்பல் உடம்பு. வாலை நகர்த்தியிராவிட்டால் கண்டிருக்கவே மாட்டேன். பக்கத்தில் ஒருவர் அறைச் சூட்டிலிருந்து நேராக லென்ஸைக் கொண்டுவந்திருந்தார். ஹூடுக்குள் வெப்பக்காற்று நெளிய, அவர் திரையில் விலங்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் கலங்கியது. பாவம், ஆறும்வரை காத்திருந்தார். படிக்கட்டில் கிடந்த என் லென்ஸில் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. பனி சாம்பலாக விழாமலிருக்க வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்தேன். விரல்களில் உணர்வில்லை. அது தூங்கியது, கொட்டாவி விட்டது, மறுபடி தூங்கியது.

மத்தியானத்துக்குப் பிறகுதான் நினைவு வந்தது: இன்று காலை முகூர்த்தம். நண்பன் போய் எடுத்திருப்பான்.

பிப்ரவரி 25

நாள் முழுக்க எரிச்சல். எல்லோரிடமும் விழுந்தேன்.

பிப்ரவரி 26

காசாவரை பனியை வெட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குக் கீழே, நாகோ பக்கம் பாறை சரிந்து கிடக்கிறதாம். எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. லென்ஸ் வாடகை இன்றோடு கல்யாண முன்பணத்தைத் தாண்டிவிட்டது.