பயணம் தரும் இல்லம்

சிங்கப்பூருக்குக் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் அமைந்த இத்தீவில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருகின்றன. ஆயினும் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை இங்குள்ள குடும்பங்களுக்குப் பயணக் காலமாகி விடுகிறது. அவர்களுட் சிலர் காரைக்குடிக்கும் தஞ்சைக்கும் செல்கின்றனர். அதற்குச் சற்று முன்னரே தமிழகத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் சிராங்கூன் சாலைக்கு வந்து மீள்கின்றன. இரு சாராரின் பெட்டிகளிலும் வீட்டை அழகு செய்யும் பொருள்கள் சில இடம்பெறுகின்றன. ஆனால், பயணத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரத் தக்கது யாது என்னும் வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

கடல் கடந்து கண்டதைத் தம் இல்லத்தில் அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் செட்டிநாட்டில் எழுப்பிய மாளிகைகளே இதற்குச் சான்று. பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியச் சலவைக்கல் தளமாயிற்று. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பூ ஓடுகள் சுவரை அணிசெய்தன. இத்தனை பொருள்கள் வந்தபோதும் வீட்டின் உயிர்நிலை மாறவில்லை. திண்ணையும் வளவும் திறந்த முற்றமும் அப்படியே நின்றன. முற்றம் ஒளியைத் தந்தது. வெப்பக் காற்றை மேலே போக்கியது. மழைநீரைச் சேர்த்துக் கொடுத்தது. வந்த பொருள்கள் யாவும் அந்த முற்றத்தைச் சுற்றியே தமக்குரிய இடத்தைப் பெற்றன.

அவ்வூர்களுள் ஒன்றான ஆத்தங்குடி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அயல்நாட்டு ஓடுகளின் அழகை அங்குள்ள கைவினைஞர் தம் மண்ணுக்கு உரியதாக்கினர். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, அதில் வண்ணக் கலவையை ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுத்தால் கல் தயார். அதற்குச் சூளை வேண்டியதில்லை. கண்ணாடியே அதன் முகத்திற்கு மெருகூட்டி விடுகிறது. ஓட்டை வாங்கி ஒட்டியது முதற்படி என்றால், ஓட்டிலிருந்து கற்றுக்கொண்டது இரண்டாம் படி எனலாம்.

கலை ஒரு திசையில் மட்டும் சென்றதன்று. 1819-ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை இங்குச் செங்கற் சூளை அமைத்தார். 1862-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர் பெற்ற சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் வெல்லச் சர்க்கரையையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை வார்த்துக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து அதற்குப் பளபளப்பு ஏற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சும் இதே மரபைச் சேர்ந்தது. விலங்கோடு வந்த மனிதரும் ஒரு கலையைச் சுமந்து வந்தனர் என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை இக்கண் கொண்டு நோக்குதல் வேண்டும். முகப்பு குறுகி, உட்புறம் நீண்டு செல்லும் அவ்வீடுகள் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. ஆதலின் பக்கவாட்டுச் சுவர்களில் சாளரம் வைக்க இயலாது. அக்குறையைத் தீர்ப்பது நடுவே வானம் நோக்கித் திறந்த காற்றுமுற்றம். முன்புறத்தில், மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றும் தமிழர் பேச்சில் 'அஞ்சடி' என்றும் வழங்கும் நடைவழி. தெருவின் இரு மருங்கும் தொடர்ச்சியான கூரையிட்ட வழி வேண்டும் என்று ராபிள்ஸ் 1822-இல் வகுத்த நகர விதியே இதன் தோற்றுவாய். வீட்டின் ஒரு பகுதியைக் கண்ணறியா வழிப்போக்கனுக்கும் உரிமையாக்கிய வகையில் அஞ்சடி, திண்ணையின் உறவாகவே தோன்றுகிறது.

கெர்பாவ் சாலையில் 1900-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற டான் டெங் நியாவின் இல்லம் பல வண்ணங்களோடு நிற்கிறது. அவ்வழியே வருவோர் பலரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். வண்ணம் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆனால் அம்மரச் சாளரங்களின் சாய்ந்த சட்டங்கள் மழையைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் நுட்பத்தை எத்தனை பேர் நோக்குகின்றனர்? சாளரத்திற்குப் பழந்தமிழில் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்று சாளரத்தின் கடமையையே பெயராக வைத்த மொழி நம்முடையது.

கண்டு கற்பதை விடுத்துப் பொருளை உடைமையாக்க விழையும் ஆசைக்கு ஒரு விலை உண்டு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவுகளும் தூண்களும் சாளரச் சட்டங்களும் விற்பனைக்கு உள்ளன. அவற்றுட் பல, பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை. பங்காளிகள் பலராகி, பேணுவதற்குப் பொருள் போதாமல், ஒரு மாளிகை துண்டு துண்டாகிறது. கடல் கடந்த கூடம் ஒன்றில் அதன் தூண் எதையும் தாங்காமல் நிற்கிறது. வாங்குவோர் மரபைக் காப்பதாகவே எண்ணுகின்றனர். வாங்குவோர் பெருகுவதே வீட்டைப் பிரிப்பதற்கும் தூண்டுகோல் ஆகலாம் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தல் நன்று. செட்டிநாட்டுச் செதுக்கு வாயில் ஒன்றைக் காண விழைவோர்க்கு, 2015-இல் கேம்பல் லேனில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அங்கு அஃது அனைவர்க்கும் பொதுவாக நிற்கிறது.

லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றுள் பலவற்றில் இன்று கடைகளும் உணவகங்களும் விடுதிகளுமே உள்ளன. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றபின், இங்குள்ள மக்களிற் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆகவே, மரபு இனி வாழ வேண்டிய இடம் அம்மாடி வீடுகளே. ஏறத்தாழத் தொண்ணூறு சதுர மீட்டர் கொண்ட நான்கறை வீட்டில் முற்றம் அமைக்க இயலுமா?

முற்றம் என்பது அடிப்படையில் ஒன்றும் வைக்காமல் விட்ட இடம். கூடத்தின் நடுவில் பெரிய மேசையை நிறுத்தாமல், பாய் விரித்து அமரவும் குழந்தை தவழவும் இடம் விட்டால் அதுவே முற்றம். எதிரெதிர்ச் சாளரங்களை அலமாரி மறைக்காதிருந்தால் அதுவே காலதர். மேற்கு வெயில் படும் சாளரத்தில் தடித்த துணிக்கு மாற்றாக மூங்கில் தட்டி தொங்கினால், ஒளி அளவோடு வரும், காற்றும் தடைப்படாது. வாசலில் ஒரு சிறு கோலம் இருந்து, எதிர்வீட்டுச் சீன மூதாட்டியோ மலாய்ச் சிறுவனோ அதைக் கண்டு நின்று பேசினால், அங்கே திண்ணையும் அஞ்சடியும் ஒருங்கே வந்துவிடுகின்றன. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. எவர் வீட்டையும் பிரிக்க வேண்டியதும் இல்லை.

பயணம் செல்லும் மாணவர்க்கு ஆசிரியர் ஒரு குறிப்பேட்டையும் ஓர் அளவு நாடாவையும் கொடுத்து அனுப்பலாம். திண்ணையின் உயரம் எவ்வளவு, முற்றத்தில் நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது, அமர்ந்தவர் கண்ணுக்குச் சாளரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அவர்கள் எழுதி வரட்டும். திண்ணையைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகளுள் பலர் திண்ணையில் அமர்ந்தறியார். அவர்கள் அளந்து வரும் அந்த உயரத்திலேயே, மாடி வீட்டின் சாளரத்தருகில் ஒரு பலகை அமைக்கப்படலாம். மாலையில் தாத்தாவும் பேத்தியும் அதில் அமர்ந்து பேசினால், பயணம் வீடு வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.