ஒரு ஜமக்காளம், முக்கால் ஜமக்காளம்

விருந்தாளிக்குச் சாப்பாடு போடுவது சுலபம். ரெண்டு டம்ளர் அரிசி கூடப் போட்டால் தீர்ந்தது. படுக்க வைப்பதுதான் சார் பிரச்னை. ராத்திரி பத்தரை மணிக்கு ஹால் நடுவில் தலையணையும் கையுமாக நின்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

சென்னையில் எங்கள் ஃப்ளாட் பில்டர் கணக்கில் 610 சதுர அடி. மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் உட்காரும் இடம் என்று எல்லாவற்றிலும் நம் பங்கு அதில் அடக்கம். அதற்காக அத்தையை லிஃப்டில் படுக்க வைக்க முடியுமா? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், 'கார்பெட் ஏரியா'வைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால், பவானி ஜமக்காளத்தை மடிக்காமல் விரிக்கக்கூடிய இடம்தான் கார்பெட் ஏரியா. அப்படிப் பார்த்தால் எங்கள் ஹால் ஒரு ஜமக்காளம், பெட்ரூம் முக்கால் ஜமக்காளம்.

நான் பி.காம். எதற்கும் கணக்குப் போட்டு விடுவேன். ரயிலில் ஸ்லீப்பர் பெர்த் ஏறக்குறைய ஆறடிக்கு இரண்டடி. ஹாலில் சோபா, டி.வி. ஸ்டாண்டு, ஃப்ரிட்ஜ் போக மிச்சம் எட்டடிக்கு ஆறடி. ஆக, நாலு பேர். பேலன்ஸ் ஷீட்டில் வராத ஐட்டங்கள் தனி. குறட்டை விடும் சித்தப்பா ஒருவர் இரண்டு பேருக்குச் சமம். ஃபேனோ ஒன்று. நேர் கீழே படுத்தவருக்கு ஜலதோஷம், ஓரத்தில் படுத்தவருக்குக் கொசு. ஒரு காற்று மெத்தை கூட வாங்கிப் பார்த்தோம். பதினோரு மணிக்கு மெத்தை, ரெண்டு மணிக்குப் போர்வை!

போன மாசம் திருநெல்வேலியிலிருந்து அத்தை கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தாள். காலேஜ் மூன்று வருஷமும் நான் அத்தை வீட்டில்தான் இருந்தேன். அவர்களுக்கு அது ஒற்றை அறை வீடு. எனக்குப் பரீட்சை என்றால் ராத்திரி முழுக்க லைட் எரியும். மாமா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ரெண்டு ஆள் வேண்டும். அதனால் பெட்ரூம் கட்டில் அத்தைக்கு, துணைக்கு எங்கள் பெண். கூட வந்த அத்தை மகன், அவன் சம்சாரம், ரெண்டு பையன்கள் ஹாலில். நானும் மனைவியும் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில். கணக்கு டாலி ஆகிவிட்டது.

ஆபரேஷனுக்கு மறுநாள் மனைவி ரகசியமாகக் கூப்பிட்டாள். "என்னங்க, அத்தை தலைமாட்டுல வைக்கிற சொம்புத் தண்ணி தினமும் அப்படியே இருக்கு. சாயங்காலம் காபிக்கு அப்புறம் அவங்க ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல."

கேட்டதற்கு அத்தை சிரித்தாள். "குடிச்சா ராத்திரி பாத்ரூமுக்குப் போவணும். நாலு பேரைத் தாண்டணும்லா? பிள்ளைய காலை மிதிச்சுட்டா? ஒரு கண்ணை வேற மூடி வச்சிருக்காவ. விடுல, பழகிட்டு."

சுகர் மாத்திரை சாப்பிடுகிற மனுஷி!

அன்று சாயங்காலமே சோபாவை பால்கனியில் நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். மழை வந்தால் நனையட்டும். சோபா போன இடத்தில் பெட்ரூம் கதவிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் சுவரோரமாக இரண்டடிப் பாதை. அதில் யாரும் கால் நீட்டக்கூடாது என்று பையன்களிடம் சத்தியம் வாங்கினேன். சுவரில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. இருந்த ஜமக்காளம், பாய் எல்லாவற்றையும் ஹாலுக்கே கொடுத்ததில் எங்களுக்கு விரிக்க ஒன்றும் மிச்சமில்லை. மனைவி பரண் மேலிருந்து கல்யாணப் பாயை இறக்கினாள். அத்தை சீராகக் கொடுத்த பத்தமடைப் பாய், எங்கள் ரெண்டு பேர் பெயரும் நெய்தது. 'நல்ல பாய், வீணாகிவிடும்' என்று இத்தனை வருஷமாக விரிக்கவே இல்லை. என் பெயர் மேல் அவள் படுத்தாள், அவள் பெயர் மேல் நான்.

ஒரு மணி சுமாருக்கு பாத்ரூம் லைட் எரிந்தது. மூன்று மணிக்கு இன்னொரு தடவை.

"அப்பாடா!" என்றாள் மனைவி. தூங்கிவிட்டாள் என்றல்லவா நினைத்தேன்!