சிலிம் ரிவர் விழுந்தபோது காங்கோவில்

கோலாலம்பூரிலிருந்து வரும் கொமுட்டர் ரயில் தஞ்சோங் மாலிமோடு நின்றுவிடுகிறது. பெர்னாம் ஆற்றைத் தாண்டியதுமே சிலாங்கூர் முடிந்து பேராக் வந்துவிடும். 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் இன்று பல்கலைக்கழகம். இங்கே இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மாணவர்கள். நான் வந்தது வடக்கே போகும் பழைய சாலைக்காக. பேராங், சிலிம் ரிவர், துரோலாக் என்று நீளும் அந்தச் சாலையில் இருபுறமும் செம்பனைதான்.

"முன்ன இதெல்லாம் பால்மரம்" என்று ரப்பரைச் சொன்னார் காரோட்டி வந்த நண்பர். தோட்டத்தில் பிறந்த எவரும் இந்தச் சாலையில் அதைச் சொல்லாமல் போக மாட்டார்கள் போலும்.

அவருடைய அம்மா சிலிம் ரிவரில் இருக்கிறார், பால் வெட்டி ஓய்ந்தவர். எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டதும் எழுந்து வந்து, வாசல் தூணில் இடது மேலிருந்து வலது கீழாக விரலால் ஒரு கோடு இழுத்தார். "இவ்வளவுதான் தம்பி, பட்டையில ஒரு நூல் கனம். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாகப் போனா பால் வராது. விடியுறதுக்கு முன்னே பிரட்டுல ஆள் கூடணும், கணக்கெழுதுற கிராணி பேர் வாசிப்பாரு. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்." பேசும்போது அந்த விரல் தூணைவிட்டு எடுபடவே இல்லை.

அந்நாளைய காங்கோவில் இந்த நூல் கணக்கு கிடையாது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். அங்கே ரப்பர் காட்டுக்கொடியிலிருந்து வந்தது. கிராமத்துக்கு இத்தனை கிலோ என்று கெடு. பக்கத்துக் கொடி வற்றினால் இன்னும் உள்ளே போக வேண்டும். ஆண்கள் திரும்பும்வரை பெண்கள் பணயம். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வெட்டிய கைகளைச் சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மண்ட் 1904இல் அறிக்கையாக எழுதியபிறகுதான் ஐரோப்பா முகம் சுளித்தது.

நம் தோட்டங்களை அதோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இங்கே கை வெட்டவில்லை. கூலி என்று ஒன்று கொடுத்தார்கள், அதில் ஒரு பங்கைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1910 வாக்கில் சில லண்டன் கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் ஈவுத்தொகை தந்த காலம் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்ட கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். காங்கோ துப்பாக்கியால் வாங்கியதை மலாயா பேரேட்டால் வாங்கியது.

இரண்டுக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. மலாயாவிலும் சிலோனிலும் தமிழர் வெட்டிய பால் சந்தையை நிரப்பியதும், 1914க்குள் காட்டு ரப்பர் பின்தங்கிவிட்டது. காங்கோவின் கொடிகள் கொஞ்சம் மூச்சுவிட்டதற்கு கேஸ்மண்டின் அறிக்கை ஒரு காரணம் என்றால், நம் ஆட்களின் மலிவான கூலி இன்னொரு காரணம். லண்டனில் யாரும் அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1942 ஜனவரி 7 விடியுமுன், துரோலாக்கிலிருந்து இந்தச் சாலை வழியாகத்தான் ஜப்பானிய டாங்கிகள் இறங்கின. சில மணி நேரத்தில் பதினொன்றாவது இந்தியப் படைப்பிரிவு சிதறியது. நான்கே நாளில் கோலாலம்பூர், பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். நேச நாடுகளின் ரப்பரில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. உடனே யார் ஞாபகம் வந்தது? காங்கோக்காரன். ஆண்டுக்கு 60 நாளாக இருந்த கட்டாய வேலை 120 நாளாயிற்று. மறுபடி காட்டுக்குள் கொடி தேடி அனுப்பினார்கள். அதே காலத்தில் ஜப்பான்காரன் இந்தத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். நண்பரின் தாத்தாவும் போனவர், திரும்பவில்லை. சயாமைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுத வேண்டும். ஆனால் அந்த 120 நாளைச் சேர்க்காமல் எழுதினால் பாதிக் கதைதான்.

பால்மரம் போய் வந்த செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் வைத்த நான்கு கன்றுகளின் சந்ததி. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகத்துக்காக நட்டார். அவருக்குப் பக்கபலமாக இருந்த அட்ரியன் ஹாலே, காங்கோவில் பணம் பார்த்த பெல்ஜியர். சோப்புக்கார லீவர் 1911இல் காங்கோவில் பெற்ற நிலங்களில் இதே பழத்தைக் கட்டாயக் கூலிகளைக்கொண்டு பறித்தது தனிக் கதை.

சிலிம் ரிவர் சாலையோரம், நீண்ட கழியில் கட்டிய அரிவாளோடு ஒரு இளைஞர் லாரிக்காக நின்றிருந்தார். ஊர் இந்தோனேசியாவின் லொம்போக். காலடியில் கிடந்த குலையை நான் தூக்கிப் பார்த்தேன். முள் குத்தியதுதான் மிச்சம், அசையவில்லை. டன் கணக்கில் கூலி, மழை நாளில் குறையும் என்றார். ஏஜெண்டுக்குப் பட்ட கடன் எப்போது தீரும் என்று நண்பர் மலாயில் கேட்டார்.

"அடுத்த வருஷம்" என்றவர், போன வருஷமும் அதையே சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார்.