வாழ வந்தவர்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூரைத் தாண்டினால் கைலாசபுரம் வரும். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலைக்காக எழுந்த குடியிருப்பு அது. அவ்வூருக்கு ஒரு விந்தை உண்டு. ஆயிரமாயிரம் குடும்பங்கள் அங்கு வாழ்ந்துள்ளன. ஆனால் சொந்த வீடு உடையவர் ஒருவரும் இல்லை. வேலையில் சேர்ந்தால் வீடு கிடைக்கும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அங்கு எல்லாரும் வந்தவர்களே. எல்லாரும் போகப் போகிறவர்களே.

என் தந்தையார் 1960களில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலிருந்து வெல்டர் வேலைக்கு வந்தவர். இடப்புறத்து வீட்டார் பாலக்காட்டினர். வலப்புறத்து வீட்டார் நெல்லூர்த் தெலுங்கர். இவர்களுக்கிடையே மெய்யான அந்நியரும் இருந்தனர். ஆலை செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் அமைந்ததால், அந்நாட்டுப் பொறியாளர் சிலர் குடும்பத்துடன் தங்கியிருந்தார்கள். “மொழியே இல்லாமல் கையைப் பிடித்து வேலை கற்றுக் கொடுத்தார்கள்” என்று என் தந்தையார் கடைசிவரை நன்றியுடன் சொல்லுவார்.

அவர்களுள் ஒரு பொறியாளரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. என் தாயார் தம்முடைய உஷா இயந்திரத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பார். வெயிலுக்கேற்ற பருத்திக் கவுன் தைக்கவே அந்த அம்மையார் வந்தார். கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட அரசு அவர்கள் நாட்டில் நடந்தது. ஆகையால் அவரைக் கோவிலில் எவரும் கண்டதில்லை.

1968ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சோவியத் படைகள் அவருடைய நாட்டுக்குள் நுழைந்தன. தலைநகரான பிராகின் தெருக்களில் பீரங்கி வண்டிகள் நின்ற செய்தியை வானொலியில் கேட்டுத் தந்தையார் வீட்டில் சொன்னார். அந்த வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மையார் தைத்த துணியை வாங்க வந்தார். வழக்கமாக வாசல் அறையோடு திரும்பிவிடுபவர் அன்று உள்ளே வந்து, எங்கள் வீட்டுப் பீடத்தின் முன் நின்றுவிட்டார். அங்கே, முடி சூடி, கையில் உலக உருண்டையைத் தாங்கிய குழந்தை இயேசுவின் படம் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, “ப்ராஹா, ப்ராஹா” என்றார். பிறகு அழுதார்.

எட்டு வயதுச் சிறுமியான எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாம் நாள்தோறும் வணங்கும் அந்தக் குழந்தை இயேசுவின் மூலத் திருவுருவம் பிராக் நகரிலே, வெற்றி அன்னை ஆலயத்தில் இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அத்திருவுருவமும் அந்நகரில் பிறந்ததன்று. ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு பிரபுக் குடும்பத்தின் வழியாக அங்கு வந்தது. 1628இல் பொலிக்சேனா என்ற சீமாட்டி அதைக் கார்மேல் துறவியருக்கு அளித்தார். வேற்று நாட்டிலிருந்து வந்த குழந்தை, பிராக் நகரின் குழந்தையாகிவிட்டது!

என் தாயார் அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த அம்மையாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார், தையல் கூலியை வாங்க மறுத்தார். சில ஆண்டுகளில் அந்தக் குடும்பமும் தாய்நாடு திரும்பியது.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை பெருமையுடன் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதன் மறுபாதியை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கைலாசபுரத்துக்கு அண்மையில், துவாக்குடிப் பக்கம், ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வாழவந்தான்கோட்டை. வாழ வந்தவனின் கோட்டை! எத்துணை அழகிய பெயர்! இலங்கையில் 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின், போரினால் துரத்தப்பட்டுக் கடல் கடந்து வந்த தமிழர்களுக்கான முகாம்களுள் ஒன்று அங்கே அமைந்தது. அந்தக் கோட்டைக்கு மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு அறை.

அப்போது நானும் மணமாகி, என் கணவருக்குக் கிடைத்த ஆலை வீட்டில் குடியிருந்தேன். தாயார் காலமாகி, அவருடைய தையல் இயந்திரம் என் வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. முகாமிலிருந்து மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் எங்கள் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வாள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். செபங்களை நம்மைவிடத் தெளிவாகச் சொல்லுவாள்.

1991ஆம் ஆண்டு மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொலை செய்யப்பட்டார். அதன்பின் இலங்கைத் தமிழர் என்றாலே அஞ்சுகிற காலம் வந்தது. அந்தப் பெண் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அக்கா, எனக்குத் தையல் தெரியும். உங்கட மெசின் சும்மா இருக்குது எண்டு கேள்விப்பட்டன். வாடகைக்குத் தருவீங்களோ?” என்று கேட்டாள்.

“அது பழுதாகிக் கிடக்கிறது” என்றேன்.

பொய்! முந்தின மாதம்தான் எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “பரவாயில்லை அக்கா, பிறகு வாறன்” என்று சொல்லிப் போனாள். பிறகு வரவில்லை. நான் போகும் திருப்பலிக்கும் அவள் வரவில்லை.

அச்சத்தைக் காரணமாகச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அது முழு உண்மையன்று. செக் நாட்டு அம்மையார் வெள்ளை நிறத்தவர். எங்கள் மேலதிகாரியின் மனைவி. அவரை வரவேற்பதில் எங்களுக்கு ஒரு மதிப்பும் இருந்தது. என் மொழியே பேசி, என் செபமே செபித்த பெண்ணை வரவேற்பதில் எனக்கு ஒரு மதிப்பும் இல்லை. என் தாயாருக்கு இக்கணக்கு தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டுகள் ஓடின. கணவர் ஓய்வு பெற்றார். சாவியைக் கொடுத்துவிட்டுத் திருவெறும்பூரில் குடியேறினோம். இன்றும் ஞாயிறு திருப்பலிக்குக் கைலாசபுரம் செல்கிறேன். நாங்கள் வாழ்ந்த தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஆலயத்தில் நரைத்த தலைகளே மிகுதி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள்.

என் மகனும் ஜெர்மனியில் இருக்கிறான். சென்ற ஆண்டு வேறு வீடு தேடி அலைந்தான். ஒரு நாள் தொலைபேசியில், “அம்மா, என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்கிறார்கள். மறுநாள் பார்த்தால் அதே விளம்பரம் அப்படியே இருக்கிறது” என்றான்.

எனக்குப் பேச நா எழவில்லை. “அது பழுதாகிக் கிடக்கிறது” என்ற என் குரலே கடல் கடந்து என் மகனின் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் குடிபெயர்ந்தோரைக் குறித்து வெளியிட்ட திருத்தூது ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பமே அகதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரி என்று கற்பித்தார். நம் வீட்டுச் சுவர்களில் திருக்குடும்பப் படம் மாட்டியிருக்கிறோம். அந்தக் குடும்பம் வாசலில் வந்து நின்றால் என்ன பதில் சொல்லுகிறோம்?

சென்ற செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு, திருச்சபை புலம்பெயர்ந்தோருக்காக மன்றாடும் நாளில், வாழவந்தான்கோட்டைக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். போர் முடிந்த பின் அந்தக் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது என்று ஒரு மூதாட்டி சொன்னார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் போகாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழகம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர். அவ்வாண்டில் தமிழக அரசு அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புதிய வீடுகள் கட்டவும் திட்டம் அறிவித்தது, நல்ல செயல். எனினும், 1987 ஜூலைக்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பினால் குடியுரிமை உண்டு. ஆகவே இங்கே பிறந்து, இங்கே படித்து, காவிரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாத பிள்ளைகள் பலர் இன்னும் அந்நியரே. அத்தகைய ஒரு பெண் தையல் பயின்றிருக்கிறாள் என்று அந்த மூதாட்டி சொன்னார். மறுவாரம் என் தாயாரின் இயந்திரத்தைத் துடைத்து, புது வார் மாட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“எவ்வளவு வாடகை அம்மா?” என்று அவள் கேட்டாள்.

“வாடகை இல்லை மகளே. முப்பது ஆண்டுக்கு மேல் தாமதமாகக் கொண்டு வந்திருக்கிறேன்” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டியதும் இல்லை.

இதனால் என் பொய் மெய்யாகிவிடாது. அதை நான் அறிவேன். ஒன்றை மட்டும் என் பங்கு மக்களிடம் தாழ்மையுடன் கேட்கிறேன். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வீட்டுக்கு விரையாதீர்கள். திரும்பிக் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே நாம் பெயர் கேட்காத ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அவரிடம் பெயரைக் கேளுங்கள். இவ்வுலகில் நாமும் சொந்த வீடு இல்லாதவர்களே. என்றோ ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களே.